புதிய மடிக்கணினி அலுவலக வலையமைப்பில் சேராவிட்டால்: அறிகுறியிலிருந்து பழுதைக் கண்டறியும் வழிமுறை

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்ததைத் தொடர்ந்து, திருகோணமலையில் நான் பராமரிப்புக்குச் செல்லும் சிறிய அலுவலகங்கள் ஒவ்வொன்றாகப் புதிய மடிக்கணினிகளை வாங்கத் தொடங்கின. கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே, அது அலுவலக வலையமைப்பில் சேரவில்லை என்று எனக்கு அழைப்பு வரும். போய்ப் பார்த்தால் பத்தில் எட்டுத் தடவை கணினியில் பழுது இருப்பதில்லை. அதே சில காரணங்களைத் திரும்பத் திரும்பத் திருத்தியபோது எழுதிவைத்த குறிப்புகளையே இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். அலுவலகத்தை இணையத்தோடு இணைக்கும் ஒரு ரவுட்டர், வலையமைப்புக் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டியான சுவிட்ச் ஒன்றிரண்டு, ஐந்து முதல் இருபது கணினிகள் உள்ள அலுவலகங்களுக்கு இவை பொருந்தும். தலைமையகத்தில் தனியான தகவல் தொழில்நுட்பப் பிரிவு உள்ள நிறுவனமாயின், கீழே உள்ள சோதனைகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். மாற்றங்களை அவர்களிடமே விட்டுவிட வேண்டும்.

## எதையும் மாற்றுவதற்கு முன்

பழுது கணினியோடு போகிறதா, இடத்தோடு நிற்கிறதா என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஏற்கெனவே நன்றாக வேலை செய்யும் ஒரு கணினியின் கேபிளைக் கழற்றிப் புதிய மடிக்கணினியில் செருகிப் பாருங்கள். பிறகு அந்தப் பழைய கணினியைப் புதிய மடிக்கணினி இருந்த மேசைக்குக் கொண்டுவந்து அங்குள்ள கேபிளில் இணையுங்கள். புதியது இரண்டு இடத்திலும் இணையவில்லை என்றால் கணினியையும், இரண்டு கணினிகளும் அந்த ஒரு மேசையில் மட்டும் இணையவில்லை என்றால் கேபிளையும் சுவரையும் சுவிட்சையும் பார்க்க வேண்டும். வைஃபை ஆயின், உங்கள் கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் மடிக்கணினியை இணைத்துப் பார்ப்பதே அதற்கு ஈடான சோதனை. ஐந்து நிமிடம் எடுக்கும் இந்தச் சோதனையைச் செய்யாமல் அரை நாளைத் தொலைத்தவர்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

அடுத்து, ரவுட்டரின் பின்புறத்தையும் சுவிட்சையும் கேபிள்கள் செருகியிருக்கும் நிலையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரவுட்டரை நிறுத்தி மீண்டும் இயக்குவதில் தவறில்லை. ஆனால் அதன் பின்புறத்தில் ஊசி நுழையும் அளவில் உள்ள சிறு துளையை எக்காரணம் கொண்டும் அழுத்த வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அது ரவுட்டரை மீள இயக்கும் பொத்தான் அன்று. வைஃபை பெயர், கடவுச்சொல், இணைய நிறுவனம் இட்டுத் தந்த அமைப்புகள் அனைத்தையும் அழித்துவிடும் பொத்தான். ஒரு மேசையில் இருந்த பழுது அதன் பின் முழு அலுவலகத்துக்கும் பரவிவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். பயன் தராவிட்டால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள்.

## அறிகுறி: முதல் அமைப்பிலேயே "வலையமைப்பில் இணையுங்கள்" என்ற திரையைத் தாண்டவில்லை

விண்டோஸ் 11 தன் முதல் அமைப்பை முடிக்க இணையத்தைக் கேட்கும். பட்டியலில் வைஃபை பெயர் ஒன்றுமே தோன்றாவிட்டால், கணினியின் வைஃபைப் பாகத்தை இயக்கும் மென்பொருளான டிரைவர் நிறுவப்படாமல் வந்திருக்கிறது என்று கொள்ளலாம். இயங்குதளம் இல்லாமல் வாங்கி, கடையில் விண்டோஸ் ஏற்றித் தரப்பட்ட கணினிகளில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கைத்தொலைபேசியை யூஎஸ்பி கேபிளால் மடிக்கணினியுடன் இணைத்து, தொலைபேசியின் இணையத்தைக் கேபிள் வழியாகப் பகிரும் யூஎஸ்பி டெதரிங் வசதியை அதில் இயக்குங்கள். பெரும்பாலான அன்ட்ரொயிட் தொலைபேசிகளை விண்டோஸ் தனி டிரைவர் இல்லாமலே வலையமைப்புச் சாதனமாக ஏற்றுக்கொள்ளும். அமைப்பு முடிந்ததும் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குச் சென்று, விடுபட்ட டிரைவர்கள் இறங்கும்வரை காத்திருங்கள். அப்போதும் கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரில் வைஃபைச் சாதனம் காணப்படாவிட்டால், உத்தரவாதக் காலம் தொடங்கிய முதல் வாரத்திலேயே வாங்கிய கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவது நல்லது. நீங்களாகத் திறந்து பார்க்க வேண்டாம்.

## அறிகுறி: கேபிளைச் செருகியும் விளக்கு எரியவில்லை

இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் வலையமைப்புக் கேபிளுக்கான துவாரமே இல்லை. யூஎஸ்பி-சி அடாப்டர் ஒன்று தேவைப்படுகிறது. ஆகவே முதலில் அடாப்டரைக் கணினியின் வேறொரு யூஎஸ்பி துவாரத்துக்கு மாற்றிப் பாருங்கள். சில மலிவான மாதிரிகளில் ஒரு துவாரம் மின்னேற்றுவதற்கு மட்டுமே பயன்படும். பிறகு அடாப்டரை வேறு கணினியில் செருகிச் சோதியுங்கள். இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் அடாப்டரின் பழுதுக்காக இலட்சங்கள் கொடுத்து வாங்கிய கணினியைக் குறை சொல்ல நேரக்கூடாது.

அடாப்டர் சரியாயின், கேபிளின் நுனிக்கு வாருங்கள். எங்கள் நகரத்துக்கென்றே உரிய காரணம் ஒன்று இங்கே இருக்கிறது. இரு பக்கமும் கடல் சூழ்ந்த நகரம் இது. டைக் வீதியிலும் உட்துறைமுக வீதியிலும் உப்புவெளிக் கரையோரத்திலும், குளிரூட்டி இல்லாமல் யன்னல் திறந்தபடி இயங்கும் அலுவலகங்களில் உப்புக் காற்று எல்லா உலோகத்திலும் படிகிறது. ஆர்ஜே45 எனப்படும் கேபிள் முனையிலுள்ள எட்டுத் தொடுமுனைகளும் பொன் முலாம் பூசியவைதான்; ஆனால் மலிவான முனைகளில் அந்த முலாம் மிகவும் மெல்லியது. நீண்ட காலம் ஒன்றும் செருகப்படாமல் கிடந்த சுவர்த் துவாரத்தை டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். தொடுகம்பிகளில் பச்சை படிந்திருந்தால் அல்லது அவை கறுத்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. புதிய மடிக்கணினிக்கு அநேகமாக யாரும் பயன்படுத்தாத மேசையைத்தான் ஒதுக்குவார்கள். அந்த மேசையின் துவாரம்தான் அநேகமாக அரித்துப்போனதாகவும் இருக்கும். செருகிக் கழற்றுவதை ஐந்தாறு தடவை செய்தால் தற்காலிகமாகத் தொடர்பு கிடைக்கலாம். நிரந்தரத் தீர்வு அந்தத் துவாரத்தையும் கேபிள் முனையையும் மாற்றுவதே. கத்தியாலோ மண்கடதாசியாலோ சுரண்டினால் எஞ்சிய முலாமும் போய்விடும்.

துவாரம் தூய்மையாக இருந்தால், அந்தச் சுவர்க் கேபிளின் மறுமுனை சுவிட்சில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். பயன்படுத்தாத மேசையின் கேபிளைக் கழற்றி வேறு கணினிக்குக் கொடுத்துவிடுவது வழமை. செருகியிருந்தால், சுவிட்சில் வேலை செய்யும் இன்னொரு துவாரத்துக்கு மாற்றிப் பாருங்கள். மின்னல் தாக்கிய சுவிட்சில் ஒன்றிரண்டு துவாரங்கள் மட்டும் இறந்து, மற்றவை நன்றாக இயங்குவது உண்டு. ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடிமழைக்குப் பிறகு இதை நான் முதலிலேயே சந்தேகிப்பேன். அவ்வாறான சுவிட்சில் எஞ்சிய துவாரங்களையும் நம்ப முடியாது; அதை மாற்றிவிடுங்கள். இரண்டு கட்டடங்களுக்கிடையே வெட்டவெளியில் செப்புக் கேபிள் ஓடுகிறது என்றால், அதை ஒளியிழைக் கேபிளாக மாற்றுவது பற்றித் தேர்ந்த ஒருவரிடம் கேளுங்கள். ஒளியிழை மின்னலின் மின்சாரத்தைக் கடத்தாது.

இத்தனைக்கும் பின் சுவருக்குள் ஓடும் கேபிளே எஞ்சும். கேபிள் சோதிக்கும் கருவியுள்ள ஒருவரை அழைக்க வேண்டிய இடம் இதுவே.

### கிளை: விளக்கு எரிகிறது, ஆனால் வேகம் 100இல் நிற்கிறது

செட்டிங்ஸ் திரையில் ஈதர்நெட் பகுதியின் விபரங்களைப் பார்த்தால் இணைப்பு வேகம் தெரியும். சுவிட்சும் அடாப்டரும் 1000 மெகாபிட் தரத்தவையாக இருந்தும் 100 என்று காட்டினால், கேபிளின் நான்கு சோடிகளில் ஒன்று அறுந்திருக்கிறது. 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய கம்பிகள் போதும். 1000 மெகாபிட்டுக்கு எட்டும் தேவை. பொதுவாக நம்மவர் பின்பற்றும் நிற ஒழுங்கில், செம்மஞ்சளும் பச்சையும் நலமாக இருக்க நீலச் சோடியோ மண்ணிறச் சோடியோ விட்டுப்போயிருக்கும். முனையை வெட்டிப் புதிதாக அடித்தால் பெரும்பாலும் சரியாகும். அடாப்டர் யூஎஸ்பி 2.0 வகையாயின் அதன் எல்லையே அநேகமாக 100தான்; கேபிளில் குறை இல்லை.

## அறிகுறி: அலுவலக வைஃபையின் பெயரே பட்டியலில் இல்லை

விமானப் பயணமுறை இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விசைப்பலகையின் மேல்வரிசையில் ஒரு விசை தவறி அழுத்தப்பட்டாலே அது இயங்கிவிடும். அடுத்து, மடிக்கணினியை ரவுட்டருக்கு அருகே எடுத்துச் செல்லுங்கள். அங்கே பெயர் தெரிந்தால் பிரச்சினை தூரமும் சுவருமே. நகரின் பழைய கட்டடங்களில் தடித்த கற்சுவர்கள் இருக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டாவது சுவரிலேயே பெருமளவு தேய்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெயரில் இணைந்து பாருங்கள்.

ரவுட்டருக்கு அருகிலும் பெயர் தெரியவில்லை, ஆனால் மற்றவர்களின் கணினிகளில் தெரிகிறது என்றால், ரவுட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் உட்பிரிவுகளான சனல்களில் 12ஆம் அல்லது 13ஆம் சனலில் ஒலிபரப்புகிறதா என்று பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்கென அமைக்கப்பட்ட கணினிகள் பொதுவாக 11ஆம் சனலோடு நின்றுவிடும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த மடிக்கணினிகளில் இதைக் கவனிக்க வேண்டும். ரவுட்டரின் அமைப்பில் 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்தால் போதும். ஒரு சதமும் செலவில்லை.

### கிளை: பெயர் தெரிகிறது, கடவுச்சொல்லை ஏற்கவில்லை

கடவுச்சொல்லைத் தட்டும்போது விசைப்பலகை மொழி தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் தவறான எழுத்துகளே பதியும். கண் அடையாளத்தை அழுத்தி, தட்டியதைக் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்துங்கள். அதன் பின்னும் மறுத்தால், அந்த வலையமைப்பை "மறக்கச்" செய்து மீண்டும் இணைந்து பாருங்கள்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட கணினி மட்டும் தள்ளப்படுகிறது என்றால், ரவுட்டரில் அனுமதிக்கப்பட்ட சாதனங்களின் பட்டியல் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்தப் பட்டியல், ஒவ்வொரு வலையமைப்புப் பாகத்துக்கும் உரிய அடையாள எண்ணான மாக் முகவரியைக் கொண்டது. இதில் இரண்டு இடத்தில் தவறு நேர்கிறது. வைஃபைக்கு ஒரு மாக் முகவரியும் கேபிள் அடாப்டருக்கு வேறொரு மாக் முகவரியும் இருப்பதால், ஒன்றைப் பதிந்துவிட்டு மற்றதில் இணைய முயல்வது ஒன்று. செட்டிங்ஸின் வைஃபைப் பகுதியில் "ரேண்டம் ஹார்ட்வெயார் அட்ரஸஸ்" இயக்கப்பட்டிருந்து, பதிந்த முகவரிக்குப் பதிலாக வேறொன்று காட்டப்படுவது மற்றது. அதை நிறுத்திவிட்டு உண்மையான முகவரியைப் பதியுங்கள்.

ரவுட்டர் பத்தாண்டுப் பழையதாகி, இன்னும் டபிள்யூஈபி அல்லது டிகேஐபி என்ற பழைய வைஃபைப் பாதுகாப்பு முறையில் இருந்தால், புதிய மடிக்கணினி எச்சரிக்கும் அல்லது மறுக்கும். இணைந்தாலும் வேகம் 54 மெகாபிட்டைத் தாண்டாது. ரவுட்டரில் டபிள்யூபிஏ2, ஏஈஎஸ் என்பதைத் தெரிவு செய்யுங்கள். அந்தத் தெரிவே இல்லாத ரவுட்டரை மாற்றத்தான் வேண்டும்.

## அறிகுறி: இணைந்ததாகக் காட்டுகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை

செட்டிங்ஸில் அந்த இணைப்பின் விபரங்களைத் திறந்து, வலையமைப்பில் கணினியை இனங்காட்டும் எண்ணான ஐபிவி4 முகவரி என்ற வரியைக் கண்டுபிடியுங்கள். அடுத்த மேசைக் கணினியின் முகவரியையும் பாருங்கள். இரண்டையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். இங்கிருந்து வழி மூன்றாகப் பிரிகிறது.

### கிளை: முகவரி 169.254 என்று தொடங்குகிறது

கணினி முகவரி கேட்டது, எவரும் கொடுக்கவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்பதே இதன் பொருள். கேபிளைக் கழற்றிச் செருகுங்கள் அல்லது வைஃபையை நிறுத்தி இயக்குங்கள். மின்வெட்டு முடிந்து ரவுட்டர் எழுந்திருக்க ஓரிரு நிமிடம் எடுக்கும். அதற்கு முன் எழுந்துவிட்ட கணினிக்கு இது நேரும்.

மீண்டும் அதே முகவரி வந்தால், ரவுட்டரிடம் கொடுக்க முகவரி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரவுட்டரின் அமைப்பில், முகவரிகளைத் தானாகக் கொடுக்கும் டிஎச்சிபி பகுதியில் தொடக்க எண்ணும் முடிவு எண்ணும் இருக்கும். உதாரணமாக 192.168.1.100 முதல் 192.168.1.149 வரை என்றிருந்தால் ஐம்பது பேருக்கே இடம். பதினைந்து கணினிகள்தானே என்று எண்ணிவிடக்கூடாது. ஊழியர்களின் தொலைபேசிகள், கமராக்கள், அச்சுப்பொறிகள், வந்துபோன விருந்தினரின் தொலைபேசிகள் எல்லாம் அந்த ஐம்பதுக்குள்தான் அடங்குகின்றன. வந்தவர் போன பின்னும் அவருக்குக் கொடுத்த முகவரி, குத்தகைக் காலம் முடியும்வரை அவர் பெயரிலேயே இருக்கும். முடிவு எண்ணை உயர்த்துங்கள். குத்தகைக் காலத்தை சில மணித்தியாலங்களாகக் குறையுங்கள்.

### கிளை: முகவரி வேறு வரிசையில் இருக்கிறது

மற்றவர்களுக்கு 192.168.1 என்று தொடங்க, புதிய மடிக்கணினிக்கு மட்டும் 192.168.0 என்றோ வேறொன்றாகவோ தொடங்கினால், அலுவலகத்தில் முகவரி கொடுக்கும் இரண்டாவது ஆள், அதாவது இன்னொரு ரவுட்டர், இருக்கிறார். நான் சந்தித்தவற்றுள் அதிக நேரத்தை விழுங்கிய பழுது இதுதான் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவின் புதிய மடிக்கணினி ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. "தம்பி, நேற்று நல்லா இருந்தது, இண்டைக்குப் பார்த்தா ஒண்டும் வருதில்லை" என்று கணக்காளர் அக்கா மூன்று தடவை அழைத்தார். கணினியை மாற்றினோம், அடாப்டரை மாற்றினோம், கேபிளையும் மாற்றினோம். கடைசியில் இரண்டு முகவரிகளையும் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் வரிசை வேறாக இருந்தது கண்ணில் பட்டது. மேல்மாடியில் வைஃபை எட்டவில்லை என்று யாரோ வீட்டிலிருந்த பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து சுவர்த் துவாரத்தில் இணைத்திருந்தார்கள். காலையில் கணினியை இயக்கும்போது எந்த ரவுட்டர் முந்திப் பதில் சொல்கிறதோ அதனிடம் முகவரி வாங்கிக்கொள்ளும். முன்பே முகவரி பெற்றிருந்த கணினிகள் அதையே புதுப்பித்துக்கொண்டிருந்ததால் அவற்றைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. புதிதாகக் கேட்ட மடிக்கணினிதான் அகப்பட்டுக்கொண்டது.

கண்டுபிடிக்க, புதிய மடிக்கணினியின் விபரத் திரையில் "டிஃபோல்ட் கேட்வே" என்ற வரியில் உள்ள முகவரியை உலாவியில் தட்டுங்கள். அந்த இரண்டாவது ரவுட்டரின் நுழைவுத் திரை வரும். அதில் எழுதியிருக்கும் மாதிரிப் பெயரைக் கொண்டு கட்டடத்தில் தேடுங்கள். திருத்துவதற்கு, அந்த ரவுட்டரில் டிஎச்சிபியை நிறுத்தி, அலுவலக வரிசையில் எவருக்கும் கொடுக்கப்படாத ஒரு முகவரியை அதற்கு இட்டு, கேபிளை அதன் வான் (WAN, இணையத்துக்கான) துவாரத்தில் அல்லாமல் லான் (LAN, உள் கணினிகளுக்கான) துவாரத்தில் செருகுங்கள். மேல்மாடியின் வைஃபை அப்படியே இருக்கும்; சண்டை மட்டும் நின்றுவிடும். இரண்டு ரவுட்டர்களும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்தால் வரிசையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது; அப்போது சந்தேகத்துக்குரிய ரவுட்டரின் கேபிளைக் கழற்றிவைத்து ஒரு நாள் பாருங்கள்.

### கிளை: முகவரி சரியான வரிசையில் இருக்கிறது

கட்டளைத் திரையில் பிங் கட்டளையால் முதலில் ரவுட்டரையும், பிறகு இணையத்திலுள்ள கூகிள் சேர்வரான 8.8.8.8 என்ற முகவரியையும் அழைத்துப் பாருங்கள். இரண்டும் பதில் சொல்லி, தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், தளங்களின் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேர்வரின் முகவரி தவறு. அது தானாகக் கிடைக்கும்படி மாற்றுங்கள். ரவுட்டர் மட்டும் பதில் சொன்னால் பழுது வெளி இணைப்பில் இருக்கிறது. இணைய நிறுவனத்தை அழையுங்கள். ரவுட்டரே பதில் சொல்லாவிட்டால், மடிக்கணினியின் அதே முகவரி வேறொரு சாதனத்துக்குக் கையால் இடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கணினியின் அமைப்புகளை அப்படியே புதியதில் பிரதி செய்துவிட்டுப் பழையதையும் இயக்கிவைத்திருப்பதே இதற்கு வழமையான காரணம்.

## அறிகுறி: இணையம் வருகிறது, அலுவலகப் பொதுக் கோப்புறை திறக்கவில்லை

எளிய காரணம், கணினி விருந்தினர் வைஃபையில் இணைந்திருப்பது. விருந்தினர் வலையமைப்பு உள் கணினிகளைப் பார்க்க விடாது. அதற்காகவே அது இருக்கிறது. அடுத்தது, விண்டோஸ் 11 புதிய வலையமைப்பு ஒவ்வொன்றையும் பொது இடமாகவே கருதித் தொடங்கும். இணைப்பின் விபரங்களில் "பப்ளிக்" என்பதைப் "பிரைவேட்" என்று மாற்றுங்கள். புதிய கணினியோடு சோதனைக் காலத்துக்கு வந்த வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் தன் சொந்தத் தடுப்புச் சுவரை வைத்திருக்கும். அதிலும் இதே மாற்றத்தைச் செய்ய வேண்டும், அல்லது அதை முறைப்படி நீக்கிவிட்டு விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பை இயங்க விடலாம்.

பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு, கொடுத்ததை மறுத்தால், நீங்கள் கொடுப்பது கணினியைத் திறக்கும் பின் (PIN) எண்ணாக இருக்கலாம். பின் எண் அந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லும். கோப்புறை எந்தக் கணினியில் இருக்கிறதோ அந்தக் கணினியில் உள்ள பயனர் பெயரையும் அதன் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும். தவறான ஒன்றை முன்பே சேமித்துவிட்டிருந்தால், சேமித்த கடவுச்சொற்களை வைத்திருக்கும் கிரெடென்ஷியல் மனேஜரில் அதை அழித்துவிட்டு மீண்டும் முயலுங்கள்.

இனிச் சொல்வதுதான் புதிய கணினிகளுக்கே உரிய பழுது. பழைய விண்டோஸ் 10 கணினிகள் எல்லாம் கோப்புறையைத் திறக்கின்றன. புதிய விண்டோஸ் 11 கணினி மட்டும் பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுக்கிறது. 2024இல் வெளிவந்த 24எச்2 பதிப்பிலிருந்து, விண்டோஸ் 11 புரோ, கோப்புப் பகிர்வு ஒவ்வொன்றிலும், தரவு வழியில் மாற்றப்படவில்லை என்பதை உறுதிசெய்யும் கையொப்பச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குகிறது. கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவையும் ஏற்பதில்லை. அலுவலக மூலையில் பொதுக் கோப்புகளை வைத்துக்கொண்டு பல ஆண்டுகளாக ஓடும் வலையமைப்புச் சேமிப்பகங்கள் பல இந்த விருந்தினர் முறையில்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. சேமிப்பகத்தின் அமைப்புத் திரைக்குச் சென்று ஒவ்வொரு ஊழியருக்கும் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்குங்கள். அதன் மென்பொருளைப் புதுப்பியுங்கள். கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பியின் 2 அல்லது 3ஆம் பதிப்பு இயங்கும்படி வையுங்கள். இணையத்தில் தேடினால் புதிய கணினியின் பாதுகாப்பைத் தளர்த்தும் வழிகளே முதலில் கிடைக்கும். குறிப்பாக எஸ்எம்பி 1ஐ மீண்டும் இயக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வானாகிரை என்ற, கப்பம் கேட்கும் தீய மென்பொருள் பரவியது அந்தப் பழைய முறையின் ஓட்டை வழியாகவே. எஸ்எம்பி 1 தவிர வேறெதுவும் தெரியாத சேமிப்பகம் உங்களிடம் இருந்தால், அதிலுள்ள கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு அதற்கு ஓய்வு கொடுங்கள். பிரதி எடுக்கும் வேலைக்குத் தேர்ந்த ஒருவரை அழைப்பது வீண்செலவு ஆகாது.

## அறிகுறி: அலுவலக டொமைனில் சேர மறுக்கிறது

சேர்வர் வைத்து, கணினிகளையும் பயனர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் நடத்தும் அலுவலகங்களுக்கே இப்பகுதி. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று சென்று விண்டோஸின் வகையைப் பாருங்கள். ஹோம் என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஹோம் டொமைனில் சேராது. கடைகளில் விலை குறைந்த மடிக்கணினிகள் பெரும்பாலும் ஹோம் வகையோடே வருகின்றன. புரோவுக்கு உரிமம் வாங்கினால் கோப்புகள் அழியாமலே தரமுயர்த்தலாம், ஆனால் செலவு உண்டு. கொள்வனவுக் கட்டளை எழுதும் உத்தியோகத்தர் "விண்டோஸ் 11 புரோ" என்ற சொற்களை அதில் சேர்த்துவிட்டால் அந்தச் செலவே நேராது.

புரோவாக இருந்தும் டொமைனைக் காணவில்லை என்று சொன்னால், கணினியின் டிஎன்எஸ் முகவரி அலுவலகச் சேர்வரின் முகவரியாக இருக்க வேண்டும். ரவுட்டரின் முகவரியோ 8.8.8.8 என்பதோ இருந்தால் இணையம் நன்றாக வரும். டொமைன் மட்டும் கிடைக்காது.

அதன் பின் கடிகாரம். கணினிக்கும் சேர்வருக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் சேர்வர் அடையாளத்தை ஏற்காது. புதிய மடிக்கணினி பெரும்பாலும் அமெரிக்க நேர வலயத்தோடு வரும். அதைக் கண்டவர் வலயத்தை மாற்றாமல், மணியை மட்டும் சுவர்க் கடிகாரத்துக்கு ஒத்ததாகத் திருப்பிவிடுவார். திரையில் நேரம் சரியாகத் தெரியும். கணினியின் உள்ளுக்குள் உலகப் பொது நேரம் பல மணித்தியாலம் பிசகியிருக்கும். நேர வலயப் பட்டியலில் இலங்கை "ஸ்ரீ ஜயவர்தனபுர" என்ற பெயரில், +05:30 என்ற குறியோடு இருக்கிறது. கொழும்பு என்று தேடிக் கிடைக்காமல் சென்னையைத் தெரிவு செய்தாலும் மணி ஒன்றுதான். வலயத்தை இட்ட பிறகு, நேரத்தைத் தானாக அமைக்கும் வசதியை இயக்குங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால், சேர்க்க முயலும் பயனரின் எல்லை முடிந்திருக்கலாம். மாற்றப்படாத அமைப்பில், நிர்வாகியல்லாத ஒரு பயனர் பத்துக் கணினிகளையே டொமைனில் சேர்க்க முடியும். இதற்கு மேல் சேர்வரைத் தொட வேண்டியிருப்பதால், அதை அமைத்தவரை அழையுங்கள்.

## அறிகுறி: எல்லாம் சரி, அச்சுப்பொறி மட்டும் கிடைக்கவில்லை

அச்சுப்பொறியின் திரையிலோ அது அச்சிட்டுத் தரும் அமைப்புத் தாளிலோ அதன் இப்போதைய முகவரியைப் பாருங்கள். மின்வெட்டுக்குப் பின் அது மாறியிருந்தால், ரவுட்டரில் அந்த அச்சுப்பொறிக்கு நிரந்தரமாக ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டு, மடிக்கணினியில் அந்த முகவரியைக் கையால் இட்டுச் சேருங்கள். தானாகக் கண்டுபிடிக்கும் பட்டியலை நம்பியிருப்பதைவிட இது பல மடங்கு நிலையானது.

மடிக்கணினி, இன்டெல் அல்லாத ஏஆர்எம் வகைச் சில்லான ஸ்னாப்டிராகனில் இயங்குகிறதா என்பதையும் பாருங்கள். அவ்வகைக் கணினி பழைய மென்பொருள்கள் பலவற்றை இயக்கினாலும், இன்டெல் கணினிக்கென எழுதிய அச்சுப்பொறி டிரைவரை ஏற்காது. தயாரிப்பாளர் ஏஆர்எம் டிரைவர் தந்திருக்காவிட்டால் விண்டோஸின் பொது டிரைவரால் அச்சிட முடிகிறதா என்று முயலுங்கள். அதுவும் இயலாவிட்டால் அந்தப் பழைய அச்சுப்பொறியும் இந்தக் கணினியும் சேர்ந்து வேலை செய்யப்போவதில்லை.

## அறிகுறி: புதிய கணினியை இணைத்ததும் எல்லோருக்கும் வலையமைப்பு நின்றது

சுவிட்சைப் பாருங்கள். எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் வெறிபிடித்தாற்போல் துடித்தால் எங்கோ ஒரு கேபிளின் இரு முனைகளும் ஒரே வலையமைப்பில் செருகப்பட்டிருக்கின்றன. புதிய மேசையை ஒழுங்குபடுத்தும்போது தொங்கிக்கொண்டிருந்த முனையை, வெறுமையாக இருக்கிறதே என்று யாரோ சுவரில் செருகியிருப்பார்கள். மேசைத் தொலைபேசிகளில் இரண்டு துவாரங்கள் இருப்பதால் இரண்டையும் சுவரில் செருகிவிடுவதும் நேர்கிறது. சாதாரண சிறிய சுவிட்சுகளுக்கு இந்தச் சுற்றை இனங்காணத் தெரியாது. சுவிட்சிலிருந்து கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் சில விநாடி காத்திருங்கள். எதைக் கழற்றியதும் துடிப்பு அடங்குகிறதோ அதைப் பின்தொடர்ந்து செல்லுங்கள்.

சுற்று எதுவும் இல்லை, ஆனால் மாலையில் மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுபோன பின்னோ, அது உறக்கத்துக்குப் போன பின்னோதான் அலுவலகம் நிற்கிறது என்றால், மேசையில் விட்டுச் சென்ற, பல இணைப்புகளை ஒன்றாகத் தரும் டொக்கையோ யூஎஸ்பி-சி அடாப்டரையோ சந்தேகியுங்கள். சில அடாப்டர்கள் கணினி இல்லாத நேரத்தில் "சற்று நிறுத்துங்கள்" என்ற சமிக்ஞையைச் சுவிட்சுக்கு இடைவிடாமல் அனுப்பும். அதை மதிக்கும் சுவிட்ச் அனைவரையும் நிறுத்திவிடும். அந்த அடாப்டரின் வலையமைப்புக் கேபிளைக் கழற்றிய உடனே மற்றவர்களுக்கு இணைப்பு வந்தால் சந்தேகம் உறுதியாகிறது. டிவைஸ் மனேஜரில் அடாப்டரின் "ஃப்ளோ கன்ட்ரோல்" அமைப்பை நிறுத்திப் பாருங்கள். டொக்கின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். பயன் இல்லாவிட்டால் வேறு வகை அடாப்டரை வாங்குங்கள்.

## அறிகுறி: இணைப்பு வந்து வந்து போகிறது

டிவைஸ் மனேஜரில் வைஃபைச் சாதனத்தின் பவர் மனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்க இச்சாதனத்தை அணைக்கலாம் என்ற தெரிவை நீக்குங்கள். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த மாதிரிக்குரிய புதிய டிரைவரை இறக்குங்கள். கேபிள் இணைப்பாயின், முன்னர் சொன்ன உப்புப் படிந்த முனைகளுக்கே திரும்பிச் செல்லுங்கள்.

## திருத்துநரை அழைக்கும்போது

மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ நகரத்துத் திருத்துநர் ஒருவரை வரவழைத்தால், பயணத்திலேயே அவரது நாளில் ஒரு பகுதி போய்விடும். ஆகவே அவர் புறப்படுவதற்கு முன்பே தொலைபேசியில் இவற்றைச் சொல்லுங்கள்: பழுது கணினியோடு போகிறதா இடத்தோடு நிற்கிறதா, புதிய கணினியின் ஐபி முகவரியும் அடுத்த மேசையின் முகவரியும் எவை, விண்டோஸ் ஹோமா புரோவா, சுவிட்சின் விளக்கு எந்த நிலையில் இருக்கிறது, கடைசி இடிமழைக்கு முன் அந்தத் துவாரம் வேலை செய்ததா. முதலில் எடுத்த ரவுட்டர் படத்தையும் அனுப்பிவையுங்கள். எந்த முனையை, எந்தச் சுவிட்சைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்று அவர் தீர்மானித்துக்கொண்டு புறப்படுவார்.